சப்பரத்தன்று நான் அடித்த மணி

கோயில்பிள்ளை வேலைக்கு வரும் தம்பிகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றவும், பூசை உடுப்பு மடிக்கவும் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மணிக்கயிற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நான் அதை இழுத்ததால் ஒரு மனுசன் செத்தான்.

திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் நான் கோயில்பிள்ளை. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். எங்கள் மணிக்கு மூன்று பாஷை. மும்மூன்றாக அடித்தால் செபம். விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடித்தால் சாவு. மூச்சுவிடாமல் அடித்தால் தீயோ திருடனோ, கையில் கிடைத்ததோடு ஓடி வா என்று அர்த்தம்.

சூசையப்பர் திருநாள். காலைப் பூசை முடிந்து சப்பரம் தூக்கவேண்டும். முன்தண்டைக் கீழத்தெருக்காரர்கள்தான் பிடிப்பது வழக்கம். அந்த வருஷம் மேலத்தெரு மறித்தது.

"இன்னும் எம்புட்டு வருசத்துக்குடா நாங்க பின்னாடியே நடக்குறது?" என்று ஒருவன் கத்த, கோயிலுக்குள்ளேயே கைகலப்பு. பங்குச்சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் இருந்தார். எனக்கு வந்ததே ஒரு புத்தி! மணிச்சத்தம் கேட்டால் சிலுவை போட்டுக்கொண்டு அடங்கிவிடுவார்கள் என்று கோபுரத்துக்கு ஓடினேன். பதற்றத்தில் மூச்சுவிடாமல் இழுத்தேன்.

வீட்டிலும் கிணற்றடியிலும் இருந்த ஆண்களெல்லாம் கம்பும் மண்வெட்டியுமாக வந்து விழுந்தார்கள். வந்தவன் திருடனையா தேடுவான்? தன் தெருக்காரன் அடிபடுவதைப் பார்த்தான், ஓங்கினான். மேலத்தெரு இன்னாசி, மணி தொங்கும் சட்டத்தைச் செய்த தச்சர், விலக்கப் போய் மண்டையில் அடிபட்டுப் பீடத்துக்கு முன்னால் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே உயிர் போய்விட்டது. அடித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

ரத்தம் சிந்திய கோயிலில் பூசை வைக்கக்கூடாது. மேற்றிராணியார், அதாவது பிஷப், உத்தரவு அனுப்பி மறுபடி மந்திரித்துத் தீட்டுக் கழிக்கும்வரை கதவைப் பூட்டினார்கள். மணியும் கிடையாது. இன்னாசியைத் துக்க மணி இல்லாமலே அடக்கம் செய்தோம்.

கோபுர வாசலில் நின்ற கீழத்தெரு மிக்கேல்தான் ஆள் திரட்ட மணி அடித்தான் என்று மேலத்தெரு எழுதிக்கொடுக்க, போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறென்ன?

மூன்றாம் நாள் இன்னாசி சம்சாரம் ஆரோக்கியம் வந்தாள். "அண்ணே, அந்த மிக்கேலு மட்டும் மணிய அடிக்கலேன்னா எங்க வீட்டு ஆளு இருந்திருப்பாரு. அவன் வெளங்குவானா?"

நேரே சாமியார் வீட்டுக்குப் போய் முழந்தாளிட்டேன். "சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அந்த மணி..."

"நிறுத்து சவரி!" சாமியார் என் வாயைப் பொத்தாத குறை. "சங்கீர்த்தனத்துல சொன்னீன்னா நான் வெளிய மூச்சு விட முடியாது. மிக்கேலு உள்ளயே கெடப்பான். மொதல்ல ஸ்டேஷனுக்குப் போ. அங்க சொல்லிட்டு இங்க வா."

நடந்தே போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர், "சண்டைய நிறுத்தவாய்யா அந்த அடி அடிச்ச?" என்றார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். மிக்கேலை விட்டார்கள். ஊரில் இரண்டு தெருவும் என்னோடு பேச்சை நிறுத்தின.

கோயிலை மந்திரித்துத் திறந்த அன்று, சாமியாரிடம் சாவியைக் கொடுத்து, வேலையை விட்டு வெளியேறினேன். வாசலில் ஆரோக்கியம் நின்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"எங்க போறீக?" என்றாள். "அன்னிக்கு ஊரையே கூப்பிட்டீகள்ல? அவருக்குத் துக்க மணி பாக்கி இருக்கு. அதையும் நீங்களே அடிங்க."

திரும்பிப் போய் ஒவ்வொன்றாக அடித்தேன். அடித்து முடிக்கும்வரை அவள் கோபுரத்தடியில் நின்று கேட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் மணி அடித்தேன். வெளியே இருப்பவன் காதில் இது என்னவாக விழும் என்று ஒரு மூச்சு நின்று யோசிக்காமல் ஒருநாளும் கயிற்றைத் தொட்டதில்லை.