நிக்கிற வண்டியில் எடுத்த படம்

பாலேந்திராவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வேறு யார் எழுதுவது? டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஸ்கீவவில் அவனை என்னளவுக்குத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. அவனுக்கு என்னளவுக்குக் கெடுதல் செய்தவனும் இல்லை.

எண்பத்தேழில் அகதி முகாமில் இரண்டு பேரும் ஒரே அறை. என்னைவிட ஆறு வயது இளையவன் என்றபடியால் நான் அவனுக்கு ‘சிறீ அண்ணை’. பிறகு நான் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனேன், அவன் ஏரிக்கரையில் இருந்த கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்க் குப்பை பொறுக்கினான். தொண்ணூற்றாறில் அங்கே ஒரு புது ரோலர் கோஸ்டர் வந்தது. இருந்துகொண்டு போவதல்ல, நின்றுகொண்டே போவது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘நிக்கிற வண்டி’.

அந்த நாளில் அதற்கு இருந்த மவுசை என்னவென்று சொல்ல! ஜெர்மனியில் இருந்தும் நோர்வேயில் இருந்தும் சனம் வந்து இரண்டு மணித்தியாலம் வரிசையில் காத்து நின்றது. கால்களுக்கு நடுவில் ஒரு சைக்கிள் சீற், தோளுக்கு மேலால் தடித்த ஒரு சட்டம், அவ்வளவுதான் பிடிமானம். வண்டி தலைகீழாகச் சுற்றும்போதும் நீ உன் காலில்தான் நிற்கிறாய். பள்ளத்துக்கு இறங்கும்போது உடம்புப் பாரம் முழுக்க முழங்காலில் வந்து விழும். முதல் கிழமையே பாலேந்திரா என்னை ஏற்றினான். இறங்கிய பிறகும் கால் நடுக்கம் நிற்கவில்லை. வெட்கத்தை விட்டு இன்னொரு முறை ஏற்றச் சொல்லிக் கேட்டேன்.

ஆளுக்கு ஆள் அந்தச் சீற்றை உயர்த்திப் பூட்டுவதுதான் அவனுடைய வேலை. லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்காலை மடித்துக்கொண்டு நிற்கும்போது பூட்டினால் முழு ஓட்டமும் குந்திக்கொண்டுதான் போகவேண்டும். நுனிக்காலில் நிற்கும்போது பூட்டினால் ஆண்களுக்கு அடி வேறு இடத்தில் விழும். பாலேந்திரா ஆளை ஒருதரம் பார்த்தால் போதும், உயரம் கணக்காக வந்துவிடும்.

பத்து வருடத்தில் அந்த மவுசு போய்விட்டது. காது சட்டத்தில் அடிபடுகிறது, இடுப்புக்குக் கீழே நோகிறது என்று முறைப்பாடு. ஒவ்வொருவருக்கும் பூட்டிப் பூட்டி வண்டி வெளிக்கிட நேரமாகிறது என்று நிர்வாகத்துக்கும் எரிச்சல். காலைத் தொங்கப்போட்டுச் சொகுசாகப் போகும் வண்டிகள் வேறு பூங்காக்களுக்கு வந்துவிட்டன. இரண்டாயிரத்து ஒன்பதுதான் கடைசிப் பருவம், அதன் பிறகு கழற்றிவிடுவோம் என்று அறிவித்தார்கள்.

வன்னியில் சண்டை முடிந்த அந்த வருடம் மே மாதம் எங்களுக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. நான் அப்போது ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளர். ஆர்ப்பாட்டத்துக்குக் கோப்பன்ஹேகனுக்குப் பஸ் பிடிப்பது, ஆட்களைச் சேர்ப்பது, வராதவனைத் திட்டுவது எல்லாம் நான்தான். பாலேந்திராவின் அக்கா மனோரஞ்சிதம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். அவளிடமிருந்து போன் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“பஸ்ஸிலை உனக்கு ஒரு இடம் வைச்சிருக்கிறன், வாறாய்தானே?” என்று கேட்டேன்.

“ஏலாது அண்ணை. பள்ளிக்கூடப் பிள்ளையள் வாற கிழமை. பூட்டத் தெரிஞ்ச ஆக்கள் மூண்டு பேர்தான்.”

“உன்ரை அக்கா அங்கை கிடக்க நீ இஞ்சை சீற் பூட்டப் போறியோ?”

அவன் வேலைக்குப் போய்விட்டான். எனக்கு ஏறிய கோபம் இறங்கவில்லை.

மே பதினெட்டு, திங்கட்கிழமை, எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கும்போது வந்தது. ஒலிவாங்கியைப் பிடித்துக் கத்தினேன். அடுத்த நாள் வீடு வந்து, பள்ளிக்கூடக் கடிதம் ஏதும் கிடக்கிறதா என்று மகள் சாருஜாவின் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு படம். நிக்கிற வண்டி பெரிய வளைவில் திரும்பும்போது அங்கே இருக்கும் கமெரா எடுக்கும் படம். கடைசி வரிசையில் இரண்டே பேர். இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு பாலேந்திரா. பக்கத்தில் அதே மாதிரி என் மகள். மூலையில் தேதி, 18.05.2009.

“நான்தான் வகுப்போடை போகச் சொன்னனான்,” என்றாள் மனைவி ஞானேஸ்வரி. “மூண்டு நாளா ரீவியைப் பாத்து அழுதுகொண்டிருந்தவள். பிள்ளைக்கு விசர் பிடிக்கட்டும் எண்டு விடச் சொல்லுறியளோ?”

அன்றைக்குப் பஸ்ஸுக்கு வராத வீடுகளின் பெயரை ஒலிவாங்கியில் வாசித்தவன் நான். என் மகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வெளியே போனால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஆனால் பாலேந்திராவை விடவும் மனமில்லை. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துப் படத்தை இரண்டாக வெட்டினேன். அவசரத்தில் வெட்டு நேராகப் போகவில்லை, நடுவில் வளைந்துவிட்டது. மகளின் பாதியைப் பழைய பேப்பர்ப் பெட்டிக்குள் போட்டேன்.

சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் மற்றப் பாதியை மேசையில் வைத்தேன். “தேதியைப் பாருங்கோ. சனம் செத்துக்கொண்டிருக்க இவர் கையைத் தூக்கிச் சிரிக்கிறார்.”

சங்க உறுப்பினர் யேசுரட்ணம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பக்கத்திலை ஆரோ நிண்டிருக்கினம் போலை. வெட்டிக் கிடக்கே?”

“ஆரோ டெனிஷ்காரன்,” என்றேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்தப் பழமொழியை எத்தனை பேருக்கு நான் எடுத்து விட்டிருக்கிறேன்!

படம் கைமாறிக் கைமாறிப் போனது. கடைசியில் எவனோ ஒருவன் அதைப் பாலேந்திராவின் தபால் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த கிழமை வவுனியாவில் இருந்து அவனுக்குச் செய்தி வந்தது. மனோரஞ்சிதம் பதினாறாம் தேதியே செல் குண்டு விழுந்து போய்விட்டாள்.

எங்கள் ஆட்களுக்குச் செத்த வீட்டுக்கு அழைப்பு வேண்டியதில்லை. கேள்விப்பட்ட உடனே போக வேண்டும், பகையாளி என்றாலும் போக வேண்டும். ஸ்கீவவில் ஒரு குடும்பமும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு அவனே வீடு வீடாக வந்து சொன்னான். என் வீட்டு வாசலில் நின்று, “அண்ணை, திங்கட்கிழமை மத்தியானம்,” என்றான். நான் “பாப்பம்” என்றேன். பாப்பமாம்! அக்காவைப் பறிகொடுத்தவனுக்குச் சொல்லும் பதிலா அது?

அறுபது பேருக்குச் சமைத்திருந்தான். ஐயர் வந்து கிரியை செய்துவிட்டுப் போனார். வேறு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அன்று பின்னேரம் சாருஜா சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் பெரிய பை. பள்ளிக்கூடம் முடிந்து எங்களுக்குச் சொல்லாமல் அங்கே போயிருக்கிறாள். வழக்கமாகக் கோபம் வந்தால் டெனிஷில்தான் கத்துவாள். அன்றைக்குத் தமிழில், சொல் சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

“அண்டைக்கு வரிசையிலை நிக்கேக்கைதான் எனக்கு மெசேஜ் வந்தது, எல்லாம் முடிஞ்சுது எண்டு. நான் அழுதன். வகுப்புப் பிள்ளையள் ஒருத்தரும் எனக்குப் பக்கத்திலை வரேல்லை. கடைசி வரிசையிலை நான் தனிய. மாமா பூட்ட வந்து பாத்தவர். மற்ற ஆளைக் கூப்பிட்டு வேலையைக் குடுத்திட்டு எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டவர். கையைத் தூக்கு, பயம் போகும் எண்டு சொன்னவர். நான் சிரிச்சனான் அப்பா. மாமாதான் என்னைச் சிரிக்க வைச்சவர். பிறகு படத்தையும் எடுத்துத் தந்தவர்.”

கையில் இருந்த பையை மேசையில் வைத்தாள்.

“பேப்பர்ப் பெட்டிக்குள்ளை கிடந்த என்ரை பாதியை இண்டைக்குக் கொண்டுபோய்க் காட்டினன். மாமா தன்ரை பாதியை எடுத்து மேசையிலை சேத்து வைச்சார். வளைஞ்சு வெட்டினது சரியாப் பொருந்திச்சுது.”

“என்ன சொன்னவன்?” என்று கேட்டேன்.

“கனநேரம் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு ‘வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?’ எண்டு கேட்டிட்டு மூண்டு பார்சல் கட்டித் தந்தவர்.”

சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது. கத்தரிக்காய், வாழைக்காய், பருப்பு, பாயாசம்கூட. ஞானேஸ்வரி அழுதுகொண்டு சாப்பிட்டாள். மானங்கெட்டவன் நானும் சாப்பிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போக எனக்கு நாலு மாதம் எடுத்தது. ஒக்டோபரில் நிக்கிற வண்டியின் கடைசி நாள். வரிசையே இல்லை, ஏறியவர்கள் ஐந்தாறு பேர். நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். பாலேந்திரா முன்னால் இருந்து ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு வந்தான். தலைமயிர் நன்றாக நரைத்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்றான்.

“பாலா, நான்...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. முழங்கால் தானாக மடிந்துகொண்டது.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னான், மரியாதையாக, டெனிஷில். “முழங்காலை நேராக்குங்கள், தயவுசெய்து. இல்லாவிட்டால் பிறகு நோகும்.”

சட்டத்தை இறக்கிப் பூட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு விலகினான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் என்னோடு டெனிஷில் கதைத்தது அதுதான் முதல் தடவை.