ரொட்டி வண்டி என்று வந்த பெட்டி

லாண்டரி அக்காவுக்குக் கடவுள் கொஞ்சம் தாராளமாகவே மூக்கைக் கொடுத்துவிட்டார். அளவில் இல்லை, மோப்பத்தில். ஒரு விரிப்பை முகத்தருகே கொண்டுபோனால் போதும். அதில் படுத்தவர் குடித்தாரா, தலைக்கு என்ன தடவினார், குளித்துவிட்டுப் படுத்தாரா குளிக்காமல் படுத்தாரா என்று சொல்லிவிடுவார். பத்தொன்பது வருஷமாக லாட்ஜுத் துணி துவைக்கிற ஒருத்திக்கு இப்படி ஒரு மூக்கு எதற்கு என்று அவரே பலமுறை ஆண்டவனிடம் கேட்டிருக்கிறார். பதில் வந்தபாடில்லை.

லாட்ஜு மூட்டையை அவிழ்ப்பது ஒரு தண்டனை. சுருண்ட தலைமயிர், காய்ந்துபோன வாந்தி, சிகரெட் சுட்ட ஓட்டை, வெட்டிப் போட்ட கால்நகம். யார் யாரோ வந்து, யார் யாரோடோ படுத்து எழுந்துபோன துணி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முடிச்சில் கை வைப்பார். இத்தனை வருஷம் ஆகியும் பழகவில்லை. பழகிப்போனால் அன்றைக்கே தொழிலை விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வழி திறந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் துணி துவைக்க ஆள் தேடினார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றித் தாயின் கையில் கொடுக்கிற துணி, தொட்டிலில் விரிக்கிற துணி, கைக்குட்டை அளவுக்குச் சின்னச் சின்னதாக. தலைமை நர்சம்மா நேரில் வந்து தண்ணீரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், காயப்போடும் கொட்டகையைப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியாக வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டியைப் பார்த்தார். அதன் பின்தொட்டி துருவேறி, பல் போன வாய்போல் அங்கங்கே பொத்தலாகிக் கிடந்தது.

"இதுலயா கொண்டு வருவீங்க? தூசியெல்லாம் துணியிலதானே விழும்? மூடின வண்டியா இருக்கணும். திங்கட்கிழமை காலையில கொண்டாந்து காட்டுங்க. சரியா இருந்தா அன்னைக்கே கையெழுத்து. இல்லன்னா இன்னொருத்தர் காத்திட்டிருக்கார்."

அன்றிலிருந்து அக்காவின் பிரார்த்தனை ஒரே வரிதான். 'ஆண்டவனே, இனிமேலாவது இந்தக் கை பச்சைக் குழந்தைத் துணியைத் தொடட்டும்.'

வண்டி விஷயத்தில் அக்காவின் வீட்டுக்காரருக்கு வெளி மெக்கானிக் என்றாலே ஆகாது. இருபத்தேழு வயசான அந்தப் பிக்கப்புக்கு எல்லா வைத்தியமும் வாசல் கொட்டகையில்தான். சீட் ஒரு பழைய பஸ்ஸினுடையது. ஸ்டியரிங் லாரியினுடையது. ஹாரன் எதனுடையது என்று அவருக்கே மறந்துவிட்டது. அடித்தால் தெருநாய்கள் எழுந்து ஊளையிடும்.

அவருடைய தங்கை, அக்காவின் நாத்தனார், அங்கே இஸ்திரி போடுகிறவள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"அண்ணே, உன்ன விட்டா அண்ணிக்கும் கையக் கால மாத்திப் போட்டிருப்ப. நல்லவேளை, பழைய வண்டி உடைக்கிற எடத்துல அதெல்லாம் கிடைக்கல."

"நாக்கு கிடைச்சா உனக்கு மாத்தலாம்னுதான் நானும் தேடுறேன்" என்பார் அவர்.

அந்த உடைக்கிற இடத்திலிருந்துதான் வியாழக்கிழமை ஒரு பெட்டி வந்து இறங்கியது. நாலு பக்கமும் மூடி, பின்னால் இரட்டைக் கதவு வைத்து, புத்தம்புது வெள்ளைப் பெயின்ட் அடித்த பெட்டி. பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது.

"ரொட்டிக் கம்பெனி வண்டியோட பெட்டி. தட்டிப் பாரு, ரெட்டைச் சுவரு. நடுவுல பஞ்சு மாதிரி வச்சு அடைச்சிருக்கான்" என்றார் அவர்.

"ரொட்டிக்கு எதுக்குங்க ரெட்டைச் சுவரு?"

"சூடு ஆறாம இருக்க வேணாமா?"

அக்கா மேலே கேட்கவில்லை. பெயின்ட் வாடை தூக்கலாக இருந்ததால் மூக்குக்கும் வேறொன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்காரரின் வேலையைக் குறை சொல்ல முடியாது. துருப்பிடித்த போல்ட்டுகளில் டீசலை ஊற்றி ஊறவைத்தார். அசைந்து கொடுக்காத இரண்டைக் கட்டிங் மெஷினால் அறுத்தார். கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டிப் பழைய தொட்டியைத் தூக்கி ஓரம் கட்டினார். புதுப்பெட்டி கனமானது என்பதால் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தார். வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் வைத்துப் பெட்டியை இறக்கினபோது, குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பக்குவம் அந்தக் கையில் இருந்தது. பின்விளக்குக்கு ஒயர் இழுத்து எரியவிட்டுக் காட்டினபோது, அக்காவுக்குக் கண்ணே நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கழுவும் பொறுப்பு பெண்களுடையது. இங்கேதான், வேறு எந்த வீட்டிலும் செய்யாத தப்பை அந்த வீட்டில் செய்தார்கள். வண்டி கழுவுகிறவன் என்றால் தண்ணீரை அடித்துத் துடைத்து விட்டுவிடுவான். லாண்டரி வீட்டுக்குத் தெரிந்தது ஊறவைப்பதுதான். எந்தக் கறைக்கும் முதல் மருந்து ஊறல் என்று நம்பிப் பிழைக்கிற குடும்பம். பெட்டியின் தரையில் இருந்த வடிகால் ஓட்டையைத் துணியால் இறுக்கி அடைத்து, கொதிக்கக் கொதிக்கச் சலவைச் சோடாத் தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கு நிரப்பி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை விட்டுவிட்டார்கள்.

துடைப்பம் போட்டுத் தேய்க்கும்போது அக்காவின் கண் மேலே போனது. கூரையில் வரிசையாக நான்கு இரும்பு முண்டுகள். எதையோ அறுத்தெடுத்த தடம், இன்னும் பளபளவென்று இருந்தது.

'ரொட்டியை யாராவது தொங்கவிடுவார்களா?' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த சுவடு தெரியாமல் அதைத் தள்ளிவிட்டு, இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

மாலையில் அடைப்பை எடுத்தபோது, ஊற்றின தண்ணீரில் பாதிதான் வெளியே வந்தது. மீதி எங்கே போனது என்று யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வெயில் ஏறினது. பத்து மணிக்கு நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அண்ணி, எங்கயோ எலி செத்துக் கிடக்கு" என்றாள். பதினோரு மணிக்கு, "எலி இல்ல அண்ணி, ஏதோ பெருசு" என்றாள். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் படீரென்று சாத்தப்பட்டது.

அக்காவுக்கு ஒன்பது மணிக்கே தெரியும். தெரிந்தும் பெட்டிக் கதவைத் திறக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். திறந்தபோது வந்தது வாடை இல்லை, அடி. அழுகின கொழுப்பும் பழைய ரத்தமும் சோடாவும் சேர்ந்து வெந்த நாற்றம். தொண்டைக்குள் விரலை விட்டதுபோல் இருந்தது. அவர் கொட்டகை ஓரத்துக்கு ஓடிப்போய்க் காலையில் சாப்பிட்டதை எல்லாம் எடுத்துவிட்டார்.

"தண்ணி ரெட்டைச் சுவருக்கு உள்ள தேங்கியிருக்கு. அடியில ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிடும்" என்று வீட்டுக்காரர் டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். மெஷின் உறுமினது. தகடு விட்டதும் பழுப்பும் சிவப்புமாக, கூழ்போல் ஒன்று கொழகொழவென்று வழிந்து அவர் நெற்றியிலும் வாயிலும் விழுந்தது. அவர் போட்ட சத்தத்துக்கு அந்த ஹாரனே தோற்றுப்போகும்.

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்து, பாதிச் சிரிப்பில் குமட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரொட்டி ஜாம் போட்டதா அண்ணே?"

ஒரு பக்கெட் தண்ணீரில் முகத்தை முக்கி முக்கி எடுத்தவரின் முன்னால் அக்கா போய் நின்றார்.

"என்னங்க, இது எதோட பெட்டி? உண்மையச் சொல்லுங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே பேசினார். "கசாப்புக் கூடத்துல கொக்கியில கறியத் தொங்கவிட்டு, குடலு, கொழுப்பு எல்லாம் ஏத்திட்டுப் போற வண்டி. பக்கத்துல மாட்டுத்தலை வரைஞ்சிருந்துச்சு. அதுமேலதான் பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்தேன். நாலு நாள்ல வேற பெட்டிக்கு நான் எங்க போவேன்? நம்ம கையில போகாத கறையான்னு நெனச்சேன்."

"என்கிட்ட பொய் சொன்னீங்களே."

"நீ கேக்கலியே."

"கேட்டேன். ரெட்டைச் சுவரு எதுக்குன்னு கேட்டேன்."

"அதுக்கப்புறம் கேக்கலியே" என்றார் அவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கூரையில் அந்த நாலு முண்டைப் பார்த்த பிறகும் அக்கா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. வண்டியின் நாற்றம் மூக்கோடு போயிற்று. இது நெஞ்சுக்குள் நாறினது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்காரர் வேலை பார்த்தார். வடிந்த வரைக்கும் வடியவிட்டு, ஓட்டையை அடைத்து, உள்ளே நாலு பக்கமும் புதுத்தகடு அடித்து, இடுக்கு இடுக்காகப் பசை பூசினார். கடைசியில், துணிக்குப் போடுகிற வாசனைத் தண்ணீரை ஒரு கேன் நிறையத் தெளித்தார். உள்ளே பளபளவென்று புதுப்பாத்திரம் போல் இருந்தது.

"மேல தகடு வந்துட்டா உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

அக்கா சாமி முன்னால் உட்கார்ந்தார். வழக்கமான அந்த ஒரு வரி அன்றைக்கு வாயில் வரவில்லை. பாதியிலேயே எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. முந்தின ராத்திரி மழை பெய்து ஊரே குளிர்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். தலைமை நர்சம்மா வந்து கதவைத் திறக்கச் சொல்லி, ஏறி உள்ளே நின்றார். சுவரில் கையை வைத்துத் தடவி, விரலைப் பார்த்தார்.

"அட, நல்லா செஞ்சிருக்கீங்களே! வாசனையாவும் இருக்கு. இதுக்கு முன்னாடி என்ன ஏத்தின வண்டி?"

"ரொட்டிம்மா" என்றார் வீட்டுக்காரர். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

நர்சம்மா தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். உள்ளே எங்கேயோ ஒரு குழந்தை வீல் என்று அழுதது. இன்னும் குரல்கூடத் தெளியாத, பிறந்து ஒரு நாழிகைகூட ஆகாத அழுகை. அக்கா பெட்டிக் கதவருகே வந்தார். 

"அம்மா, கொஞ்சம் இருங்க" என்றார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, கதவச் சாத்திட்டு ஒரு கால்மணி நேரம் உள்ள நின்னு பாருங்க. வெயில் வந்தப்புறம் பாத்தீங்கன்னா இன்னும் நல்லாத் தெரியும்."

வீட்டுக்காரர் அவரைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

நர்சம்மா பேனாவை மூடினார். "என்ன ஏத்தினது?"

"மாட்டுக் குடலும் கழிவும். தகடுக்குப் பின்னால ஊறிப்போய் இருக்கு. நாங்களே தண்ணி ஊத்தி ஊறவச்சோம். போகாதும்மா, அது போகாது."

நர்சம்மா பெட்டியிலிருந்து இறங்கின வேகத்தில் காலணி ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுத்துக் கொடுக்க அக்கா கை நீட்டினபோது, "வேணாம், தொடாதீங்க" என்று தானே எடுத்துக்கொண்டார். சுவரைத் தடவின கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"இதையா கொண்டு வந்தீங்க? பிறந்த குழந்தைக்கு?"

"ஆமாம்மா. கொண்டு வந்திருக்கக் கூடாது."

"போங்க. காத்திட்டிருக்கற அந்த இன்னொருத்தருக்கே நான் சொல்லிடறேன்."

திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அங்கிருந்து நேராக லாட்ஜுக்கு வண்டியை விட்டார்கள். லாட்ஜு வாசலில், அன்றைய மூட்டை மூன்றும் வழக்கம்போல் படிக்கட்டில் காத்திருந்தன. எங்கேயும் போகாத துணி, அவர்களைவிட்டால் அதற்கும் வேறு நாதி இல்லை. வீட்டுக்காரர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறக்கப் போனார்.

"அதுல வேணாம்."

"லாட்ஜுத் துணிதானே. அதுவே..."

"இதுமேல மனுசங்கதான் படுப்பாங்க. முன்னால வைங்க."

"முன்னால எங்க வைக்க? இருக்கறது ஒரு சீட்டு."

"என் மடியில வைங்க."

ஒன்றைக் காலடியில் திணித்தார்கள். ஒன்றைக் கியர் கம்பியை ஒட்டிச் செருகினார்கள். மூன்றாவது அக்காவின் மடியில் ஏறி மோவாயை முட்டியது. முடிச்சின் இடுக்கிலிருந்து யாருடைய வேர்வையோ, யாருடைய பழைய சாராயமோ நேராக முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்ப இடம் இல்லை. குமட்டியது. ஆனாலும் இது மனுஷ நாற்றம்; துவைத்தால் போகும்.

வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். இரண்டு தடவை கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துக் கண்ணாடி தெரியல. மூட்டை மறைக்குது."

"நான் பாத்துச் சொல்றேன்" என்றார் அக்கா, மூட்டைக்கு மேலாகத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி. "ஒரு லாரி வருது. அது போகட்டும்... ம், இப்பப் போங்க."