பக்கம் மாறச் சொன்ன அதிகாரி

அறுபது தாண்டிய மனுஷிக்குப் புல்லட் என்று பட்டப்பெயரா என்று கேட்காதீர்கள். அவள் நடையைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். ஆள் குள்ளம், நடையோ ஓட்டம். ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் அவளுக்கு வேலை. மாடி மாடியாக விருந்தாளிகள் புரண்டு எழுந்த பெட்ஷீட்டெல்லாம் அங்கே வந்து, வெளுத்து, காய்ந்து, மடிந்து மேலே போகும். மடிக்கிறவர்கள் புல்லட்டும் நெட்டை அக்காவும்.

பெட்ஷீட் மடிப்பதை லேசாக நினைக்கவேண்டாம். ஒருத்தி நின்ற இடத்தில் நின்று, துணி தரையில் படாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவேண்டும். எதிரே நிற்பவள் தன் முனையோடு நடந்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்குகிற மடிப்பை எடுத்து நிமிரவேண்டும். நாள் முழுக்க இதேதான். தூக்குவது நெட்டை அக்கா, குனிவது புல்லட்.

குனிகிற வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெருந்தன்மை என்று ஏமாந்துவிடாதீர்கள். ஈரத்துணி மூட்டையை மெஷினிலிருந்து இழுத்தபோது ஒருநாள் வலது தோளில் என்னவோ நகர்ந்துவிட்டது. அதிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேலே வராது. தலை சீவுவதுகூட இடது கையால்தான். ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. இஸ்திரி போடுகிறவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தபோது மேனேஜர் என்ன செய்தார்? "வயசாயிடுச்சுல்ல, வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று முதுகைத் தட்டி அனுப்பிவிட்டார். வழுக்கிவிட்ட தரை மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

புல்லட் வீட்டுக்குப் போய் யாரோடு பேசுவாள்? கணவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. மகன் வேறு ஊரில். அவளும் டிவியும்தான். டிவியோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? இங்கேயானால் பேச்சு, சிரிப்பு, அரட்டை, அக்கா. அந்த அக்காவையே ஏமாற்றுகிறோமே என்று மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பாவம், நாளெல்லாம் கையைத் தூக்கியபடி நிற்கிறாளே.

இந்த லட்சணத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். தலையில் ஹெல்மெட் வேறு. லாண்டரியில் மேலேயிருந்து விழுந்தால் தலையணைதான் விழும், அதற்கு ஹெல்மெட்டாம். வயதானவர்களுக்கு உடம்பு வேலைக்குத் தாங்குமா என்று அவர் பார்ப்பார், தாங்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். புல்லட் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இருவரும் மடித்துக் காட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, கத்தி வைத்து வெட்டின மாதிரி மடிப்பு. அதிகாரிக்கு முகமெல்லாம் பல்.

"பிரமாதம்மா. இப்போ பக்கம் மாறிக்கோங்க. நீங்க தூக்குங்க, அவங்க குனியட்டும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மனுஷன்.

"எங்களுக்கு இப்படியே பழகிடுச்சு சார்," என்றாள் புல்லட்.

"ஆமா சார், மாத்தினா குழம்பிடும்," என்று அக்காவும் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவைம்மா."

மாறினார்கள். புல்லட்டின் இடது கை மேலே போயிற்று, வலது கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. துணி ஒரு பக்கமாகச் சாய, அதைச் சரிக்கட்ட அவள் குதித்தாள். ஒரு குதி, இன்னொரு குதி. எதிரே அக்கா குனியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, கட்டைவிரலால் மடிப்பைக் கொக்கி போட்டு இழுத்தாள். ஒருத்தி குதிக்க, ஒருத்தி ஒற்றைக்காலில் தள்ளாட, பெட்ஷீட் இருவர் தலையையும் மூடிக்கொண்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தவர்கள் தொப்பென்று துணி வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். வண்டியின் பிரேக் எப்போதும்போல் பிடிக்கவில்லை. லிஃப்டுக்குப் போகிற சரிவில் அது கிளம்பியேவிட்டது.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க," என்று துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அதிகாரி வீரமாகக் குறுக்கே பாய்ந்தார். வண்டி அவரையும் வாரிக்கொண்டு போய்த் தலையணைக் குவியலில் மோதி நின்றது.

"எந்திரிடி," என்றாள் அக்கா இருட்டுக்குள்.

"முடியலக்கா. கை வரல. ரெண்டு வருஷமாவே வரல. உங்களையே தூக்க விட்டு ஏமாத்திட்டேன்."

அக்கா துணிக்குள் துழாவி அவள் கையைப் பிடித்தாள்.

"என் இடுப்பு குனியாதுடி. இந்தப் பொண்ணு விவரம் தெரியாதவன்னு உன்னையே குனிய விட்டேன்."

புல்லட்டுக்கு வந்த அழுகை சிரிப்பாகத் திரும்பிவிட்டது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. வண்டியே குலுங்கியது. உலகத்திலேயே ஒழுங்கான இரண்டு திருடிகள்!

மேனேஜர் ஓடிவந்தார். "யாருக்காவது அடியா?"

"இல்ல சார்," என்றது லாண்டரி முழுவதும், வழக்கம்போல.

"எனக்கும் ஒண்ணுமில்ல," என்றார் அதிகாரி. ஆனால் நிமிரவில்லை. கை இடுப்பில் இருந்தது. ஹெல்மெட் கழன்று விழுந்த தலை புல்லட்டின் தலையைவிட வெளுப்பு. காட்டிக்கொடுத்துவிடாதே என்பதுபோல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். அவருக்கும் வீட்டில் ஒரு டிவி காத்திருக்கிறது போலும். அவளுக்குப் பரிதாபமாக இருந்தது, கூடவே, எல்லோரும் இப்படி மறைத்தே பிழைக்கவேண்டுமா என்று கோபமும் வந்தது.

இடது கையைத் தூக்கினாள். "எனக்கு வலிக்குது சார். இன்னைக்கு வந்த வலி இல்ல."

"எனக்கு இடுப்பு," என்றாள் அக்கா. மெஷின் பக்கமிருந்து "எனக்கு மணிக்கட்டு" என்றது ஒரு குரல். காயப்போடுகிற இடத்தில் ஒரு முட்டி. ஆளாளுக்கு ஒன்று. கடைசியில் தரையைப் பார்த்தபடியே அதிகாரி சொன்னார், "எனக்கும் இடுப்புதான். பழசு."

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். "இவ்வளவு பேரையும் அனுப்பிட்டா நாளைக்கு யாரு சார் மடிக்கிறது?"

"நாங்கதான்," என்றாள் புல்லட். "பக்கம் மாறச் சொல்லாம இருந்தா போதும். முதல்ல இந்த வண்டியைப் பாருங்க."

மேனேஜர் பிரேக்கைக் காலால் அழுத்தினார். பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"இது கெட்டுப்போச்சுன்னு இத்தனை நாளா யாருமே சொல்லலையே," என்றார்.

"நீங்க எங்க வயசைத்தானே சார் கேட்டீங்க," என்றாள் புல்லட்.