சந்தேகத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்தேன்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முதல்ல ஒரு மன்னிப்பு கேட்டுக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு, "வேலைக்குப் போகாமலே என் வீட்டுக்காரருக்கு முழுச் சம்பளம் வருது, இது கர்த்தர் செஞ்ச அற்புதம்"னு அழுதுகிட்டே சாட்சி சொன்னேன். நீங்களும் கை தட்டினீங்க. அது அற்புதம் இல்ல. என்னன்னு இன்னிக்குச் சொல்லிடறேன்.

2005 ஜூலை மாசம். ஹைதராபாத் ஓரத்துல பட்டான்செருவுல வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ஜெயசிங் அங்க ஒரு மருந்துக் கம்பெனியில மெஷின் ஆப்பரேட்டர். அன்னிக்குக் காலை ஷிப்ட். பதினோரு மணி போல அவர்கூட வேலை செய்ற யாதகிரி ஓடி வந்து, "வதினா, அண்ணி, அண்ணாவுக்குக் கையில அடி"ன்னார். அடியா அது! வலது கை மெஷினுக்குள்ள போய், மூணு விரல் இல்ல. கம்பெனி சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்க் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். எங்களுக்குப் பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு. அந்தக் கையை நம்பித்தான் நாலு வயிறு. "ஆண்டவரே, நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"னு ஆஸ்பத்திரித் தரையில உட்கார்ந்து கதறினேன்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் முன்னாலயே பாலைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த அழுகையிலயும் மனசுக்குள்ள ஒண்ணு உறுத்துச்சு. மாசாமாசம் சம்பளத்துல ஈ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறாங்க, கார்டு வீட்டுல இருக்கு, அவங்களுக்குன்னு ஆஸ்பத்திரியும் இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தத் தனியார் ஆஸ்பத்திரி? கேட்காமலே கம்பெனி ஏன் செலவைத் தாங்குது?

அன்னிக்குச் சாயந்தரமே கம்பெனி பர்சனல் ஆபீசர் வந்தார். தெலுங்குக்காரர், அவரும் விசுவாசி. "வந்தனாலு சிஸ்டர்"னு சொல்லிட்டு, கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் சொன்னார், "பிரதரை டூட்டியில இருக்கிற மாதிரியே போட்டுடறோம். சம்பளம் ஒரு நாளும் குறையாது. கை ஆறட்டும், ஹைடெக் சிட்டி பக்கம் கண்ணாடி பில்டிங் ஒண்ணுல ஏசியில உட்கார்ற வேலை. நானாச்சு." வாராவாரம் வருகைப் பதிவுத் தாள் வரும். என் வீட்டுக்காரர் இடது கையால கோணல்மாணலா கையெழுத்துப் போடுவார்.

"ஏங்க, படுத்துக் கிடக்கிறவருக்கு எதுக்கு டூட்டி போடணும்?"னு கேட்டேன்.

"ஏட்டி, அந்த மனுஷன் முழங்கால் போட்டு அழுறாரு, அவர்கிட்டயுமா? உனக்குக் கர்த்தரே நேர்ல வந்தாலும் ஐடி கார்டு கேப்ப!"ன்னார்.

பாஸ்டர் ஐயாகிட்டப் போனேன். "குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லம்மா"ன்னார். எனக்கு வெட்கமாப் போச்சு. ஒரு தேவபிள்ளையைச் சந்தேகப்படுறேனே, நான்லாம் ஒரு விசுவாசியான்னு இருந்துச்சு. மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஒரே ஜெபம் பண்ணினேன்: "ஆண்டவரே, இந்தச் சந்தேக புத்தியை என்னைவிட்டு எடுத்துப்போடும்." நான் நம்பிட்டேன்னு எனக்கே காட்டிக்கத்தான் வந்து அந்தச் சாட்சியையும் சொன்னேன். எங்க போச்சு? சாப்பாட்டுல கல்லு மாதிரி அது கடக்கு கடக்குன்னு கடிபட்டுக்கிட்டே இருந்துச்சு.

ஆறாவது வாரம் ஆபீசர் ஆள் விட்டுச் சொன்னார். சனிக்கிழமை ஒரு பேப்பரோட வருவாராம், கையெழுத்துப் போட்டா வேலைக்கு லெட்டர் கொடுப்பாராம். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கல. நான் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து ஒவ்வொரு எழுத்தா வாசிச்சேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவ. இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு, "வீட்டுக் கதவில் கை நசுங்கியது"ன்னு.

எங்க வீட்டுக் கதவா! அது ஒரு தகரக் கதவுங்க. பூனை முட்டினாலே திறந்துக்கும்.

மறுநாள் காலையில கார்டைத் தூக்கிக்கிட்டு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்க இருந்த கிளார்க் அம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. வேலையில அடிபட்டா, வேலை செய்ய முடியாத நாளுக்கெல்லாம் பணம் உண்டாம். விரல் மாதிரி திரும்ப வராதது போச்சுன்னா, டாக்டருங்க போர்டு உட்கார்ந்து சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு போச்சுன்னு பார்த்து, உயிரோட இருக்கிற வரைக்கும் மாசாமாசம் தருவாங்களாம். வெளியில விக்கிற விபத்து பாலிசி வேற, இது வேற, இது தொழிலாளியோட உரிமைன்னாங்க. ஆனா விபத்து வேலை செய்ற இடத்துல நடந்ததுன்னு பதிவாகணும்.

"உங்க ஆயன, உங்க வீட்டுக்காரர், தினமும் டூட்டியில இருக்காருன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே அம்மா. பேப்பர்ல அவருக்கு அஞ்சு விரலும் இருக்கு"ன்னாங்க.

இதுக்கா நான் காணிக்கை போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்! கம்பெனி சொல்லலைன்னா நாங்களே எழுதிக் கொடுக்கலாம்னு அந்த அம்மா வழி சொன்னாங்க.

சனிக்கிழமை ஆபீசர் வந்தார். வீட்டுக் கதவுல அடிபட்டதுன்னு எழுதின பேப்பரை எடுத்து வச்சுட்டு, "ஜெபம் பண்ணலாமா சிஸ்டர்?"னு கண்ணை மூடினார்.

"பிரதர், ஜெபத்துக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. இவர் விரல் எங்க போச்சு? உங்க மெஷின்லயா, எங்க கதவுலயா? தேவ சமுகத்துல சொல்லுங்க."

மனுஷன் கண்ணைத் திறந்தார். என் வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். மெஷின்லதான்னு சொல்லிட மாட்டாரான்னு ஒரு ஆசை, பாவம். "மேல இருந்து சொல்றாங்க சிஸ்டர். எனக்கும் பிள்ளைங்க இருக்கு"ன்னு தரையைப் பார்த்துச் சொன்னார் ஆபீசர். எங்க வீட்டுக்காரர் செகந்திராபாத்துலயே பிறந்து வளர்ந்தவர். "நக்கோ பிரதர், வேணாம்"னு பேனாவை இடது கையால தள்ளி வச்சுட்டார். அன்னிக்கு ராத்திரி குழந்தை மாதிரி அழுதார். விரல் போனப்பகூட அவர் அப்படி அழல.

அப்புறம் பத்து மாசம் அலைச்சல். நடந்ததை எழுதி கம்பெனிக்கும் ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கும் ரிஜிஸ்டர் தபால் போட்டோம். விசாரணைக்கு வந்தாங்க. யாதகிரி தன் வேலை போனாலும் போகட்டும்னு கண்ணால பார்த்ததைச் சொன்னார். அவர் மாறிடுவாரோன்னு அவரையும் சந்தேகப்பட்டேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். டாக்டருங்க போர்டு கையைப் பார்த்துச்சு. இப்ப மாசாமாசம் பணம் வருது, அவர் ஆயுசு உள்ளவரைக்கும் வரும். அந்த வருஷக் கடைசியில கம்பெனி அவரை நிறுத்திடுச்சு. கண்ணாடி பில்டிங் லெட்டர் வரவே இல்ல. கையெழுத்துப் போட்டிருந்தா எங்க கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க. இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல ஸ்டோர் பார்த்துக்கிறார். இடது கையெழுத்து என் எழுத்தைவிட அழகா இருக்கு, அதுல அவருக்குப் பெருமை வேற.

மூணு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து நான் கேட்டதைக் கர்த்தர் தரவே இல்ல. என் சந்தேகத்தை எடுத்துப்போடல. என் புருஷனைக் காப்பாத்த அவர் அதைத்தான் எனக்குள்ள வச்சிருந்தார். தராததுக்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

உங்க வீட்டுலயும் வேலைக்குப் போறவங்க இருக்கீங்க. வீட்டுக்குப் போனதும் அந்தக் கார்டை எடுத்து, அதுல உங்களுக்கு என்னென்ன உண்டுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. என்னைக் கைவிடாத கர்த்தர் உங்களையும் கைவிட மாட்டார், அவரை முழுசா நம்புங்க. ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக்கோங்க. கையெழுத்துப் போடும்போது மட்டும் திறந்து வச்சுக்கோங்க.