முந்திப் போட்ட கையெழுத்து

சலவைக்கூடத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதிய கோபக் கடிதத்தில் முதல் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடித்து, அவளை மட்டும் வேலையைவிட்டுத் தூக்கப்போகிறார்களாம். ஆவணக் காப்பகத்தின் வாயிற்காவலர் சொன்னார். அவருக்கு ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுநர் சொன்னது. ஓட்டுநருக்கு யார் சொன்னார்களோ.

"நமக்கெதுக்குய்யா ஊர் வம்பு" என்று பசைக்காரம்மா மேசைமேல் குனிந்துகொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கிழிந்த காகிதங்களை ஒட்டுவது அவள் தொழில். உயிலும் வரைபடமும் வந்தாலும் அவளுக்குப் பிடித்தவை வசவுக் கடிதங்கள்தாம். 'உங்கள் நாய் தின்னும் எலும்பில்கூட இதைவிடக் கறி இருக்கிறது' என்று நூறு வருடத்துக்கு முன் துறைமுகக் கூலிகள் எழுதிய ஒன்றை ஒட்டும்போது, சிரிப்பை அடக்க முடியாமல் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். அதன் அடியில் பெயர்கள் சக்கரம்போல் வட்டமாக நின்றன. தலையும் இல்லை, வாலும் இல்லை. முதலாளி யாரைப் பிடிப்பான்? சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கையிடம் இதைச் சொன்னதும் அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டே வாரத்தில் முப்பத்தொரு பெண்கள், கொதிநீரில் வெந்த கைகளுக்குக் கையுறை கேட்டு, அதேபோல் வட்டம் போட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி மேலாளர் அந்தக் கடிதத்தோடு நேரிலேயே வந்தார்.

"கிழிஞ்சு போச்சும்மா. ஒட்டித் தரணும்."

தானாகக் கிழியும் காகிதம் கோணல்மாணலாகத்தான் கிழியும். இது அளவெடுத்ததுபோல், எழுத்தே இல்லாத ஓரமாகப் பார்த்துக் கிழிந்திருந்தது.

"தேதி போன வாரந்தானே சார் போட்டிருக்கு. அதுக்குள்ள எப்படிக் கிழிஞ்சுது?"

"அவ்வளவு கோபமா எழுதினா தானா வெடிச்சிருக்கும்." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எந்த எழுத்து முதல்ல விழுந்துச்சுன்னு லென்ஸ்ல பாத்தே சொல்லிடுவீங்களாமே? உங்க ஆபீஸ் விழாவுல நீங்களே பெருமையா சொன்னீங்களாம்."

"அது பழைய மை சார்..."

"புது மையையும் பாருங்களேன். மூணு மணிக்கு போன் பண்றேன். எங்க சலவைக்கூடத்துல உங்களுக்கு வேண்டியவங்க யாரும் இல்லையே?"

"எனக்கு யாரு சார் இருக்கா."

தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? அவர் முகம் வெந்நீரில் போட்டு எடுத்த துணிபோல் வெளுத்து, ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

அவர் போனதும் லென்ஸை எடுத்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்; கை கேட்கவில்லை. நெருக்கியடித்துப் போட்ட கையெழுத்துகள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் வால்மேல் ஏறியிருந்தது. சுற்றிக்கொண்டே போனாள். இரண்டு பக்கத்து எழுத்துக்கும் அடியில் கிடந்தது ஒன்றே ஒன்று. அந்தச் சுழியைப் பள்ளிக்கூட நோட்டிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"முந்திரிக்கொட்டை! இங்கயுமா முந்தணும் நீ?" என்று தங்கையின் எழுத்தைத் திட்டினாள்.

வேறொருத்தியைக் கைகாட்டலாம். அதுவும் ஒருத்தியின் சோறு. தெரியவில்லை என்றால் கடிதத்தை இன்னொருவரிடம் கொண்டுபோவார்.

தண்ணீர் பட்டால் கரையும் ஜெல் பேனா. மையை நனைக்காமல் ஒட்டுவதுதான் அவள் தொழிலின் முதல் பாடம். இத்தனை வருடத்தில் ஒரு புள்ளி கலைந்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு, தூரிகையை நனைத்து, வட்டத்தின்மேல் ஒரே சுற்று. பெயர்கள் நீலமாய் ஊறி ஒன்றோடொன்று கலந்தன. படிக்க முடிந்தது, யார்மேல் யார் என்பது மட்டும் போய்விட்டது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கைபேசி அடித்தது. மேலாளர் இல்லை. திரையில் 'தங்கச்சி'.

எடுக்கப்போன விரல் நின்றது. வேலை நேரத்தில் சலவைக்கூடத்துப் பெண்களின் கைபேசிகளை வாங்கி மேலாளர் அறையில் பூட்டிவைப்பார்கள். ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். அப்படியென்றால் அழைப்பது யார், மேலாளரா? 'என்னடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, சாயம் வெளுத்துவிடும். இல்லை, அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டார்களோ? தெருவில் நின்று அழுதுகொண்டு கூப்பிடுகிறாளோ?

மணி நின்றது. மூச்சுவிடுவதற்குள் மறுபடி அடித்தது.