தூக்காத கை

கடைத்தெருவின் பெண்கள் பார்லரில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். அவசரமாகக் கூப்பிட்டால் கத்திரிக்கா என்று விழும். அதற்கு முதலில் சிரிப்பவள் அவள்தான். முடி வெட்டுகிற நாற்காலி அவளுடையது. புருவம், முகம் எல்லாம் நாத்தனாருடையது. இருபது வருஷத்துக்கு மேலாகக் காலையில் தூக்கிய கையைச் சாயங்காலம்தான் இறக்குவாள்.

ஒரு மழை நாளில் பஸ் படியிலிருந்து வழுக்கி, வலது தோள் தரையில் அடிபட விழுந்தாள். எலும்பு தூள் தூளாகிவிட்டது, ஒட்டவைக்க வழியில்லை என்று டாக்டர் தோள்மூட்டையே மாற்றினார். "ஆபரேஷன் பாதிதான்மா. மீதி பயிற்சியில இருக்கு" என்றார்.

பயிற்சி மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் நடந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, கையைத் தூக்கிப் பழக உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறுகள், எந்நேரமும் தைல வாசனை. கூண்டுக்குள் அடைத்த மாதிரி இருக்குமோ என்று பயந்து போனவளுக்கு அங்கே ஒரு ஜமாவே கிடைத்தது. அவளைப் போலவே தோள் மாற்றிய ஒரு டீச்சர் பக்கத்துக் கயிற்றில் நின்றார்.

"என் கிளாஸ்ல கேள்வி கேட்டா ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்க. இப்பப் பாருங்க, நானே தூக்க முடியாம நிக்கிறேன்" என்பார் டீச்சர்.

"விடுங்க டீச்சர், பதில் தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க."

இருவரும் சிரித்துச் சிரித்து வலியை விழுங்குவார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் அதட்டுவாள்: "அக்கா, வாய் நல்லா வேலை செய்யுது. கை?" வீட்டில் யாரிடமும் சொல்லாத பயத்தை அவள் டீச்சரிடம் சொன்னாள். மறுபடியும் கத்திரி பிடிப்பேனா என்று கேட்டாள். டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. "எனக்கும் அதே பயம்தான்" என்றார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் போய் வருவது பெரும்பாடு. இரண்டு பஸ் மாற வேண்டும். கட்டுப்போட்ட கையை இடிக்காமல் காக்கக் கணவர் அரண் மாதிரி முன்னால் நிற்பார். அவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். அவளுக்காகப் பட்டறையைப் பூட்டிவிட்டு வருவார். ஒருநாள் அவரே டாக்டரிடம் கேட்டார்.

"வீட்டுலயே செஞ்சா ஆகாதுங்களா?"

"தாராளமா செய்யலாம். ஒழுங்கா செஞ்சா ரெண்டும் ஒண்ணுதான்."

அவ்வளவுதான். அன்று மாலையே கதவு நிலையின் மேல்கட்டையில் ஆணி அடித்து, பழைய கப்பி ஒன்றில் எண்ணெய் விட்டுக் கயிற்றைக் கோத்துவிட்டார். "துருப்பிடிச்ச போல்ட்டையே கழட்டுறவன் நான். உன் தோள் எம்மாத்திரம்?" முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கு அங்கே போகத்தான் பிடிக்குது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாள்? பேச்சுத்துணைக்காக ஒரு மனுஷன் பட்டறையைப் பூட்டிவிட்டு வர முடியுமா?

"சரிங்க" என்றாள்.

வீட்டில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. சொன்ன பயிற்சியைச் சொன்னபடி, சொன்ன அளவுக்கு மேல் இழுக்காமல் செய்ய வைத்தார். குனிந்து கையை ஊசலாட்டும்போது அவரும் கூடவே குனிந்து நிற்பார். குச்சியைப் பிடித்துத் தூக்கும்போது அவர் மூச்சும் சேர்ந்து நிற்கும். "அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்" என்பது அவர் மந்திரம்.

"அம்மி நகருங்க. அதுக்கு வலிக்காதுல்ல" என்றாள் ஒருநாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. அதன் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசுவதை விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இன்று பரவாயில்லை என்பாள். அவர் அதை நாத்தனாரிடம் போனில் சொல்லிப் பூரிப்பார். கையோ நெஞ்சு உயரத்தோடு நின்றது. மாதங்கள் போயின. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

பழி மட்டும் வளர்ந்தது. தான் சரியாகச் செய்யவில்லையோ என்று அவள் நினைத்தாள். தான் சரியாகச் செய்விக்கவில்லையோ என்று அவர் நினைத்தார். கொஞ்ச நாளில் பயிற்சி நேரத்தில் இருவருக்கும் பேச்சே இல்லாமல் போயிற்று. கப்பி மட்டும் கிறீச்சிட்டது.

கடைசியில் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தசைநார் பிடித்துக்கொள்ள என்று புது மூட்டோடு சேர்த்துக் கட்டிய எலும்புத் துண்டு ஒட்டவே இல்லையாம், கரைந்துபோய்விட்டதாம். இன்னொரு ஆபரேஷனை இந்த எலும்பு தாங்காதாம்.

"அப்ப இவ்வளவுதானா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"இவ்வளவுதான்மா."

கணவர் குறுக்கே கேட்டார். "இங்கயே கூட்டிட்டு வந்திருந்தா...?"

"எங்க செஞ்சிருந்தாலும் இதேதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. அவளுக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை. எங்கே செய்திருந்தாலும் இதேதான் என்றால், அந்த மாதங்களை டீச்சர் பக்கத்திலேயே கழித்திருக்கலாமே. கை வராமல் போவதுதான் விதி என்றால், சிரித்துக்கொண்டாவது வராமல் போயிருக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போதுதான் மனுஷன் மூச்சு விடுகிறார்.

அவர் மருந்து வாங்கப் போன சமயம் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கயிறுகளில் எல்லாம் புது முகங்கள்.

"டீச்சர் வரலையா?" என்று பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டாள்.

"அவங்க முடிச்சிட்டுப் போய் ரொம்ப நாளாச்சே அக்கா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கத்திரி எங்கன்னு."

"நம்பர் ஏதாச்சும்...?"

"நாங்க குடுக்கக் கூடாதுக்கா" என்றாள் அந்தப் பெண். டீச்சருக்குக் கை வந்ததா என்று கேட்க நினைத்தாள். எந்தப் பதில் வந்தாலும் தாங்காது என்று தோன்றவே, கேட்காமல் படியேறினாள்.

பார்லரில் அவள் நாற்காலிக்கு நாத்தனார் வேறொரு பெண்ணை வைத்தாள். "அண்ணி, நீங்க சும்மா வந்து உக்காருங்க. நீங்க இருந்தாலே போதும்" என்றாள். பிரியத்தோடுதான் சொன்னாள். அவள் போய் உட்கார்ந்து, கேட்கிற கிளிப்பை இடது கையால் எடுத்துக் கொடுக்கிறாள். பழைய வாடிக்கைக்காரிகள் முதலில் விசாரித்தார்கள். பிறகு கண்ணாடியில் அவள் தெரியாத பக்கமாகத் திரும்பி உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

காலையில் அவர்தான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறார். மோட்டாருக்குக் கம்பி சுற்றிய விரல்கள். மெதுவாகத்தான் வாருவார், ஆனாலும் வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்பார்.

"இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, அதே தலையோடு பார்லருக்குக் கிளம்புவாள்.