மூன்று பாட்டில் சளி மருந்து

என் மகளுக்கு நான்கு வயதில் சளி பிடித்தது. வடசேரியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா, “ஒரு வாரத்துல தானா சரியாவும், மருந்து வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார். சீட்டே எழுதாத டாக்டரை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நாலு புத்தகம் படித்தவன் அல்லவா! அன்று மாலையே இன்னொரு டாக்டரிடம் போய் ஒரு சிரப் வாங்கினேன்.

மறுநாள் துபாயிலிருந்து வந்திருந்த மைத்துனன், “அத்தான், இது அங்கத்த மருந்தாக்கும். ஒரே நாள்ல கேக்கும்” என்று பெட்டியைத் திறந்து இன்னொரு சிரப்பைத் தந்தான். இரண்டையும் கொடுத்தேன். போதாதென்று, போன சளிக்கு வாங்கி மிச்சமிருந்ததையும் கொடுத்தேன்.

மதியம் எவ்வளவு எழுப்பியும் பிள்ளை கண் திறக்கவில்லை. தோளில் தூக்கினால் தலை தொங்கியது.

“பிள்ளைக்கு என்னத்தக் குடுத்திய?” என்று என் மனைவி அலறினாள்.

மூன்று பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடமே ஓடினோம். அவர் லேபிள்களை வாசித்தார்.

“மூணும் ஒரே மருந்து சார், பேருதான் வேற. தூங்காம என்ன செய்யும்?”

கிளினிக்கிலேயே படுக்கவைத்துக் கவனித்தார். சாயங்காலம் மகள் எழுந்து பால் கேட்டு அழுதாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே பழக்கதோஷமும் வந்தது.

“அப்போ சளிக்கு என்ன மருந்து டாக்டர்?”

“ஒங்களுக்குத்தான் சார் மருந்து வேணும்!”

இப்போதெல்லாம் வீட்டில் மிச்ச மருந்து வைப்பதில்லை. டாக்டர் மருந்து வேண்டாமென்றால் நேராக வீட்டுக்கு வருகிறேன். என் வண்டி வேறு கிளினிக் பக்கம் திரும்பாமல் பின்னாலிருந்து மனைவி பார்த்துக்கொள்கிறாள்.